ஹீமோகுளோபின் நார்மல், ஆனாலும் ஓட முடியவில்லை: தடகளத்தில் ரத்தப் பரிசோதனை அனுபவங்கள்

800 மீட்டர் பயிற்சியாளர்:
என்னிடம் பயிற்சி எடுக்கும் பெண் ஒருத்தி, சீசன் நடுவில் தளர ஆரம்பித்தாள். முதல் சுற்று பழைய நேரத்திலேயே வரும். இரண்டாவதில் 600 மீட்டரைத் தாண்டினால் கால் எழும்பாது. ஹீமோகுளோபின் 12.6, நார்மல். "சோம்பேறித்தனம், இன்னும் விரட்டுங்கள்" என்றார் அவள் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. உடலில் சேமித்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னேன். 11 என்று வந்தது. சேமிப்பு இரும்பு கிட்டத்தட்ட காலி!

ஓடும் பெண்களுக்கு இது சர்வசாதாரணம். மாதவிடாய், வியர்வை, பாதம் தரையில் மோதி சிவப்பணுக்கள் உடைவது என்று இரும்பு பல வழியில் போகிறது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதுவரை காத்திருந்தால் சீசனே போய்விடும்.

இன்டர்வெலைக் (விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி) குறைத்து, மெதுவான ஓட்டமாக மாற்றினேன். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். கடும் பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உச்சத்துக்குப் போய், குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். அதனால் மாத்திரையைக் காலையிலேயே, பயிற்சியை ஒட்டிப் போடச் சொன்னார். டீ, காபியோடு கூடாது. ஃபெரிட்டின் ஏற மாதங்கள் ஆனது. கடைசி 200 மீட்டர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

தயவுசெய்து பரிசோதனை செய்யாமல் யாரும் இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

மும்முறைத் தாண்டுதல் வீரர்:
சார், காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஓய்வு நாளுக்கு மறுநாள் காலையில், எப்போதும் ஒரே லேபில்தான் ரத்தம் கொடுப்போம்.

எனக்கு அதிகம் உதவியது சிகே (கிரியேட்டின் கைனேஸ்) பரிசோதனை. தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் என்சைம். சும்மா இருக்கும்போதே எனக்கு 300 இருக்கும், என்னோடு பயிற்சி செய்பவனுக்கு அதில் பாதி. ரிப்போர்ட்டில் என்னுடையதற்குப் பக்கத்தில் எப்போதும் 'அதிகம்' என்று குறித்திருக்கும். என் கோச் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை, என் வழக்கமான அளவோடுதான் ஒப்பிடுவார். பவுண்டிங் (நீளமாகத் தாவித் தாவிப் போகும் பயிற்சி) செய்தால் ஆயிரத்தைத் தாண்டும். சில நாள் கழித்தும் என் வழக்கமான அளவுக்கு இறங்காவிட்டால், அன்று தாண்டுதல் கிடையாது. தாண்டும் முன் ஓடிவரும் ஸ்டெப்ஸ் மட்டும் சரிபார்ப்போம்.

5000 மீட்டர் ஓட்டக்காரர்:
எங்கள் குழுவில் காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பார்ப்போம். நார்வே ஓட்டக்காரர்களான இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்களால் பிரபலமான முறை. த்ரெஷோல்ட் ஓட்டத்தில் (லாக்டேட் வேகமாகக் குவிய ஆரம்பிக்கும் எல்லையை ஒட்டிய வேகத்தில் ஓடுவது) 4 மில்லிமோலைத் தாண்டினால், "நல்லாத்தான் இருக்கேன் அண்ணா" என்று நான் எவ்வளவு சொன்னாலும் கோச் வேகத்தைக் குறைத்துவிடுவார். வியர்வை கலந்தால் அளவு தப்பும், அதனால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.