டுஷேனில் பழுது எங்கே: தசை இழையிலா, ஸ்டெம் செல்லிலா?

சாத்தூர்க்காரன்:
அக்கா பையனுக்கு டுஷேன் தசைச்சிதைவு என்று போன வருடம் உறுதியானது. வயது 6. அன்றிலிருந்து கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன். எனக்குப் புரிந்தவரை, டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசை இழையின் சவ்வு கிழிந்துகொண்டே இருக்கிறது, ஸ்டெம் செல்கள் (புதுத் தசை தரும் மூலச் செல்கள்) ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் நேற்று ஒரு இடத்தில் 'டுஷேனே ஒரு ஸ்டெம் செல் நோய்தான்' என்று பார்த்தேன். எது சரி?

எலிக்கூண்டு:
தம்பி, நான் தசை ஆய்வகத்தில் எலி மேய்ப்பவள், அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஓய்ந்துவிடுகின்றன' என்றீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

இந்தத் தசை ஸ்டெம் செல்களுக்கு சாட்டிலைட் செல் என்று பெயர். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தது. இழையின் சவ்வுக்கும் அதைப் போர்த்திய வெளிப்படலத்துக்கும் இடுக்கில் ஒட்டிக்கொண்டு தூங்கும், அடிபட்டால் எழுந்து பிரியும். இழைக்கு இணையாகப் பக்கவாட்டில் பிரிந்தால் பெரும்பாலும் இரண்டு மகள் செல்களும் ஒரே ரகம், ஸ்டெம் செல் இருப்பு கூடும், விண்ட்7ஏ என்ற சமிக்ஞை இதைத்தான் தூண்டுகிறது. மேலும் கீழுமாகப் பிரிந்தால் கதை வேறு: படலத்தைத் தொடும் மகள் ஸ்டெம் செல்லாகவே தங்குவாள், இழைப் பக்கம் விழுந்தவள் மிஃப்5 என்ற மரபணுவைத் திறந்துகொண்டு தசையாகக் கிளம்பிவிடுவாள். இருவரிடமும் பாக்ஸ்7 புரதம் இருக்கிறது, ஆனால் கிளம்புகிறவளிடம் மட்டும் கார்ம்1 என்ற நொதி பாக்ஸ்7 மேல் மெத்தில் குறி வைக்கிறது, அந்தக் குறி இல்லாமல் மிஃப்5 திறக்காது.

சரி, எது எந்தப் பக்கம் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஒட்டாவாவில் ருட்னிக்கி குழு 2015இல் காட்டியது இதுதான்: விழித்த சாட்டிலைட் செல்லுக்குள்ளேயே டிஸ்ட்ரோஃபின் இருக்கிறது, ஒரு ஓரமாக உட்கார்ந்து மார்க்2 என்ற நொதியைப் பிடித்து வைக்கிறது, அது பார்ட்3 புரதத்தை எதிர் ஓரத்துக்குத் தள்ளுகிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத எம்டிஎக்ஸ் எலியில் இந்தத் திசையே குழம்பி, மேல்-கீழ்ப் பிரிவு குறைந்து, தசையாகக் கிளம்பும் மகள்களும் குறைந்துபோகிறார்கள். களைப்பு இல்லை, முதல் பிரிவிலிருந்தே கோளாறு.

மரத்தடி டாக்டர்:
எலிக்கூண்டு அழகாக எழுதுகிறார், ஆனால் நோயாளியைப் பார்க்கிறவன் கண்ணுக்கு இது வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டுவது. டுஷேன் உள்ள பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் சிபிகே பிறந்தபோதே ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த நொதி இழை கசிந்தால் வருவது. ஸ்டெம் செல்லின் ஒட்டுப்போடும் வேலை பெரிதாகத் தொடங்காத வயது அது! எம்டிஎக்ஸ் எலிக்கு நீலச் சாயம் ஏற்றினால் இழைக்குள் புகுந்துவிடும், நல்ல எலியில் புகாது. ஓட்டைச் சவ்வுதான் நோய். மற்றது பின்விளைவு.

இன்னொன்று. 2015இலேயே லண்டனில் பொல்ட்ரின் குழு எம்டிஎக்ஸ் எலியின் சாட்டிலைட் செல்லை எடுத்து, சாதகமான தசையில் நட்டுப் பார்த்தது. நல்ல எலியின் செல் போலவே தசை கட்டியது. உள்ளேயே கோளாறு என்றால் இடம் மாறியதும் எப்படிச் சரியாகும்?

பளுதூக்கி:
இடையில் ஒரு சந்தேகம், தினமும் ஜிம் போனால் இந்த ஸ்டெம் செல் கூடுமா?

எலிக்கூண்டு:
கூடும், கொஞ்சம். தனித் திரி போடுங்கள் சாமி.

டாக்டர், சிபிகே பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, இழை கிழியவில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அதே ஓட்டைச் சவ்வோடு எம்டிஎக்ஸ் எலி ஓடியாடித் திரிகிறதே? 2010இல் அந்த எலியின் டெலோமியரை (குரோமோசோம் நுனியில் இருக்கும் காப்பு, செல் பிரியப் பிரியத் தேயும்) குட்டையாக்கியதும்தான் நோய் மனிதனுக்கு வருவதுபோல் கடுமையானது. கிழிசல் மாறவில்லை, புதுப்பிக்கும் திறன்தான் மாறியது.

பொல்ட்ரின் சோதனையில் எத்தனை இழை கட்டியது என்று எண்ணுகிறார்கள். இந்தச் செல்கள் லேசுப்பட்டவை இல்லை: ஒரே ஒரு இழையை ஒட்டி வந்த ஏழெட்டு செல்கள் நூற்றுக்கு மேல் புது இழைகளைக் கட்டியதாக 2005இலேயே வந்துவிட்டது. அவ்வளவு உபரி உள்ள இடத்தில், பிரிவில் பாதி கெட்டாலும் ஒரு தடவை நட்டுப் பார்த்தால் தெரியாமல் போகலாம்.

மரத்தடி டாக்டர்:
டெலோமியர் உதாரணம் எனக்குத்தான் சாதகம் அம்மா. டெலோமியர் தேய்வது என்றால் திரும்பத் திரும்பப் பிரிந்து களைத்தது என்று அர்த்தம். தம்பி முதலில் எழுதிய 'ஓய்ந்துவிடுகின்றன' அதுவேதான்.

உங்கள் வாதம் நிற்க வேண்டுமானால் சாட்டிலைட் செல்லில் மட்டும் டிஸ்ட்ரோஃபினை எடுத்துவிட்டு இழையில் விட்டுவைத்துக் காட்டுங்கள்.

எலிக்கூண்டு:
அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். புது இழை அந்தச் செல்லிலிருந்துதான் வருகிறது. செல்லில் எடுத்தால் அது கட்டும் இழையிலும் இல்லாமல் போகும், செல்லில் திருப்பி வைத்தால் இழையிலும் வந்துவிடும்.

ஆனால் கிட்டத்தட்ட ஒரு வழி கிடைத்தது. 2019இல் அதே ஒட்டாவாக் குழு எம்டிஎக்ஸ் எலிக்கு இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தது. அது ஆரோரா கைனேஸ் என்ற நொதி வழியாக, டிஸ்ட்ரோஃபின் இல்லாமலே செல்லுக்குத் திசையைத் திருப்பித் தருகிறது. மேல்-கீழ்ப் பிரிவு மீண்டது, தசையின் பலமும் கூடியது. இழையில் டிஸ்ட்ரோஃபின் பூஜ்யமாக இருந்தும்.

சாத்தூர்க்காரன்:
பாதி புரிந்தது, பரவாயில்லை. இதில் பையனுக்கு என்ன? ஒரு இடத்திலிருந்து போன் செய்து 'ஸ்டெம் செல் ஊசி, நான்கு தவணை' என்கிறார்கள். அக்கா முன்பணம் கட்டிவிட்டாள்.

மரத்தடி டாக்டர்:
இதனால்தான் 'ஸ்டெம் செல் நோய்' என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியானவை தவிர எந்த ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் அங்கீகாரம் கிடையாது. டுஷேனுக்கு என்றால் முறையாக அனுமதி பெற்ற ஆய்வாக இருக்க வேண்டும், ஆய்வுக்குப் பணம் வாங்கக் கூடாது. ஸ்டீராய்டை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், இதயத்தையும் மூச்சையும் தவறாமல் சோதியுங்கள்.

எலிக்கூண்டு:
இதில் எனக்கும் டாக்டருக்கும் சண்டையே இல்லை. எவனோ ஒருவனுடைய செல்லைக் கையில் ஊசியாக ஏற்றினால் அது போய் அந்த இடுக்கில் உட்காராது தம்பி.

ஆனால் எங்கள் வழக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை, வைரஸில் சுருக்கப்பட்ட டிஸ்ட்ரோஃபினை ஏற்றி அனுப்புகிறது (ஈரல் ஆபத்து தனிக்கதை). அதில் அந்த மரபணுவை இயக்கும் ஸ்விட்ச் வளர்ந்த தசையிலும் இதயத்திலும் வேலை செய்வதற்காக வைத்தது, சாட்டிலைட் செல்லுக்காக அல்ல. இழைதான் நோய் என்றால் அது போதும். செல்லும் நோய் என்றால் நாளைக்கு அது கட்டப்போகும் இழையில் பழைய கோளாறு அப்படியே இருக்கும்.

மரத்தடி டாக்டர்:
இழை கிழியாமல் நின்றாலே செல்லுக்கு வேலை குறையும், திசையைப் பற்றி அது கவலைப்படும் தேவையே வராது. இஜிஎஃப் கட்டுரையை இன்று இரவு படித்துவிட்டு வருகிறேன், அந்த எலிகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

சாத்தூர்க்காரன்:
அக்காவிடம் பேசிவிட்டேன். நாளை காலை பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறோம். நீங்கள் இருவரும் நடத்துங்கள், நான் படித்துக்கொண்டிருப்பேன்.