பட்டா நிலத்துத் தேக்கை வெட்டி சென்னைக்குக் கொண்டுவர பாஸ் வேண்டுமா?

கொளத்தூர்வாசி:
செங்கம் பக்கம் எங்கள் ஊரில் அப்பா 1994-ல் கிணற்றுமேட்டில் நட்ட தேக்கு ஏழு மரம் நிற்கிறது. நிலம் பட்டா, என் பேரில். கொளத்தூரில் வீடு கட்டுகிறேன், வாசக்காலும் கதவும் அந்த மரத்தில்தான் செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மச்சான், "உன் நிலம், உன் மரம், ராத்திரியோட ராத்திரியா வண்டியில ஏத்திட்டு வா" என்கிறான். வரப்பில் ஒரு சந்தன மரமும் தானாக முளைத்து நிற்கிறது. அதையும் சேர்த்து வெட்டலாமா?

மரவாடி மணி:
சார், மச்சான் பேச்சைக் கேட்டால் மரமும் போகும், வண்டியும் போகும். செங்குன்றத்தில் மரவாடி வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மரம் உங்களுடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் வெட்டிப் போட்ட பிறகு பட்டா மரம் எது, காட்டு மரம் எது என்று எவனுக்கும் தெரியாது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலைக் காடு வேறு. செக்போஸ்ட்டில் நிற்கிறவர் எதை வைத்து நம்புவார்? அதற்குத்தான் 1968-ல் வந்த மரப் போக்குவரத்து விதிப்படி பாஸ், அதாவது மரத்தை எடுத்துப்போக வனத்துறை தரும் அனுமதிச்சீட்டு. மரம் நிற்கும்போதே சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்றோடு வனத்துறை ரேஞ்சர் ஆபீஸில் மனு கொடுங்கள், வந்து சுற்றளவு பார்ப்பார்கள். வெட்டியதும் கட்டையின் வெட்டுமுகத்தில் சுத்தியல் முத்திரை அடிப்பார்கள். முத்திரையும் பாஸில் உள்ள கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை எனக்கு வந்த லோடில் பாஸில் 14 கட்டை, வண்டியில் 15. ஓரமாகக் கிடந்த ஒன்றை லோடுமேன் தூக்கிப் போட்டிருக்கிறார். இரண்டு நாள் வண்டி நகரவில்லை.

ஊர்க்குருவி:
சந்தனத்தில் கை வைக்காதீர்கள். பழத்தைத் தின்ற குருவி போட்ட விதையாகத்தான் இருக்கும், ஆனால் சட்டம் குருவியைக் கேட்காது. 2002-ல் தமிழ்நாடு வனச் சட்டத்தைத் திருத்தும் வரை சொந்த நிலத்தில் முளைத்தாலும் அது அரசாங்கச் சொத்து. இப்போது மரம் உங்களுடையது, வெட்டுகிற வேலை மட்டும் வனத்துறையுடையது. 2008-ல் வந்த விதிகளின்படி எழுதிக் கொடுத்தால் அவர்களே வேரோடு எடுத்து, வனத்துறை மர டிப்போவில் விற்றுப் பணம் தருவார்கள். அப்புறம், ஊரில் யாரிடமும் அந்த மரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கைரம்பத்தோடு ஒருவன் வந்தால் அரை மணி நேர வேலை.

வேப்பங்காய்:
இப்படி அலையவிட்டால் எந்த விவசாயி தேக்கு நடுவான்? பேசாமல் சவுக்கு போட்டுவிட்டுப் போகலாம். இதில் 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வேறு இருக்கிறதாமே?

ஊர்க்குருவி:
அலைச்சல் உண்மைதான், மறுக்கவில்லை. அந்த வழக்கே நம் நீலகிரி கூடலூரில் ஆரம்பித்ததுதான். அங்கே காடு அழிகிறது என்று கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் போட்டார். 1996 டிசம்பர் 12 உத்தரவில், அகராதியில் காடு என்றால் என்ன பொருளோ அதுவே காடு, நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். காட்டுக்குள் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஓடிய ரம்ப மில்களையும் மூடச் சொன்னார்கள். கிணற்றுமேட்டில் நட்டு வளர்த்த ஏழு தேக்கை யாரும் காடு என்று சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

கொளத்தூர்வாசி:
நன்றி. சந்தனத்தைத் தொடவில்லை, அம்மாவும் அதையேதான் சொன்னார். திங்கட்கிழமை வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறேன். மணி அண்ணா, ஊரிலேயே பலகையாக அறுத்துக் கொண்டுவந்தால் வண்டி வாடகை குறையுமே?

மரவாடி மணி:
குறையும். ஆனால் முத்திரை இருக்கிற முனையையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள், அப்புறம் செக்போஸ்ட்டில் எதைக் காட்டுவீர்கள்? கட்டையாகவே கொண்டுவாருங்கள் தம்பி, இங்கே வந்து அறுத்துக்கொள்ளலாம்.