டாவ் ஆன்டிபாடி டென்ட்ரைட் எல்லாத்தயும் பிடிக்குது, மாத்தணுமா?

கல்ச்சர்_கண்ணம்மா:
மவுஸ் ஹிப்போகாம்பல் நியூரான், கல்ச்சர் போட்டு 7 நாள். 4% பிஎஃப்ஏல (பாராஃபார்மால்டிஹைடு) 15 நிமிஷம் ஃபிக்ஸ் பண்ணி, செல் சவ்வுல ஓட்டை போட ட்ரைட்டான் போட்டு, டாவ் புரதத்துக்கு டாவ்-5 ஆன்டிபாடி (பச்சை) வச்சு ஸ்டெயின் பண்ணேன், கூடவே டென்ட்ரைட்ட (நியூரானோட சிக்னல் வாங்கற கிளை) காட்ட மேப்2 ஆன்டிபாடி (சிவப்பு). டாவ் ஆக்ஸான்ல (சிக்னல் அனுப்பற நீளமான கிளை) மட்டும்தான் இருக்கும்னு படிச்சுட்டு பாத்தா ஆக்ஸான், டென்ட்ரைட், செல் பாடின்னு எல்லாம் பச்சையா எரியுது, சிவப்புலயும் அச்சு அசலா அதே படம். ஆன்டிபாடிதான் சரியில்லன்னு நினைக்கிறேன், வேற க்ளோன் (டாவுக்கே வேற ஆன்டிபாடி) வாங்கலாமா? இன்னொண்ணு, இதே டாவ்-5அ மவுஸ் மூளைய கரைச்ச லைசேட்ல வெஸ்டர்ன் ப்ளாட் (புரதங்கள எடை வாரியா பிரிச்சு ஆன்டிபாடியால தேடறது) போட்டா 50 கிலோடால்டன் பக்கத்துல தடியா ஒரு பேண்ட், அது டாவ்தானே?

பைப்பெட்_பித்தன்:
அவசரப்பட்டு வாங்காதீங்க. ஆக்ஸான்ல மட்டும்ங்கற கதை பாதி டாவ்-1 க்ளோனால வந்தது. அது 195 - 202 அமினோ அமில பகுதியில பாஸ்பேட் ஒட்டாம இருந்தாதான் பிடிக்கும், பாஸ்பேட் ஏறின இடத்துல டாவ் இருந்தாலும் இல்லாத மாதிரிதான் தெரியும். 1987லயே பாப்பசோசோமெனோஸ், பிண்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் திசுவில பாஸ்பேட்ட நீக்கிட்டு அதே டாவ்-1 போட்டு பாத்தப்போ செல் பாடி, டென்ட்ரைட், ஆஸ்ட்ரோசைட்னு எல்லாத்துலயும் வந்துச்சு. டாவ்-5க்கு பாஸ்பேட் ஏறினாலும் ஏறலன்னாலும் ஒண்ணுதான், மொத்த டாவையும் காட்டும். அதனால 7 நாள் நியூரான்ல செல் பாடி கொஞ்சம் எரியறது தப்பே இல்ல. ஆனா ரெண்டு கலரும் அச்சு அசலா ஒண்ணா இருக்குன்னு சொல்றீங்களே, அதுதான் உறுத்துது.

இருட்டறை_ராசா:
எனக்கும் அதேதான். கண்ணம்மா, மேப்2 எதுல செஞ்சது? டாவ்-5 மவுஸ்ல செஞ்சது, அதுவும் மவுஸா இருந்தா நீங்க போட்ட ரெண்டு செகண்டரியும் (முதல் ஆன்டிபாடிய பிடிச்சு கலர் காட்டற ரெண்டாவது ஆன்டிபாடி) ரெண்டு ப்ரைமரி (முதல் ஆன்டிபாடி) மேலயும் போய் உக்காந்திருக்கும்.

வெஸ்டர்ன் பேண்டையும் நம்பாதீங்க, மூளை லைசேட்ல ரத்தத்தோட வந்த மவுஸோட சொந்த ஆன்டிபாடி, அதாவது ஐஜிஜி இருக்கும், அதோட ஹெவி செயின் (பெரிய துண்டு) சரியா 50லதான் ஓடும், ஆன்டி-மவுஸ் செகண்டரி அதயும் பிடிச்சுக்கும். நம்ம கெட்ட நேரம், டாவும் 45க்கும் 65க்கும் நடுவுலதான் ஓடுது. நான் ஒரு வருஷம் இந்த பேண்ட டாவ்னு நம்பி அளந்திருக்கேன், டாவ் நாக்அவுட் எலியிலயும் அதே பேண்ட் வந்தப்போதான் புரிஞ்சுது (அன்னிக்கு சாப்பாடு இறங்கல). ஐஜிஜியோட சின்ன துண்டான லைட் செயின மட்டும் பிடிக்கற செகண்டரி வாங்குங்க, இல்லன்னா லைசேட்ட கொதிக்க வச்சு ஸ்பின் பண்ணுங்க, டாவ் சூட்டுக்கு அசையாம மேல சூப்பர்நேட்டன்ட்லயே நிக்கும், ஐஜிஜி கீழ உக்காந்துடும்.

கல்ச்சர்_கண்ணம்மா:
ஐயோ. ஃப்ரீசர்ல டியூப எடுத்து பாத்தேன், மேப்2வும் மவுஸ்தான், ரெண்டுமே ஐஜிஜி1ங்கற ஒரே வகை வேற. ரெண்டுக்கும் ஆன்டி-மவுஸ்தான் போட்டிருக்கேன், ஒண்ணு 488 (பச்சை) இன்னொண்ணு 568 (சிவப்பு). யாரும் சிரிக்காதீங்க.

பைப்பெட்_பித்தன்:
இத பண்ணாதவன் லேப்லயே இல்ல. கோழியில செஞ்ச மேப்2 வாங்கி அதுக்கு ஆன்டி-சிக்கன் போடுங்க, செகண்டரி மட்டும் போட்ட ஒரு கவர்ஸ்லிப்பும் கூட வைங்க. அப்புறமா ஏடி8 மாதிரி பாஸ்போ-டாவ் க்ளோனுக்கு (பாஸ்பேட் ஏறின டாவ பிடிக்கறது) போனீங்கன்னா ப்ளாட்ட பால்ல ப்ளாக் பண்ணாதீங்க, பால்ல இருக்கற கேசினே பாஸ்பேட் உள்ள புரதம், பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) போடுங்க. லைசிஸ் பஃபர்ல பாஸ்பேட்டேஸ் இன்ஹிபிட்டர் (பாஸ்பேட்ட நீக்கற என்சைம தடுக்கறது) இல்லாம ஆரம்பிக்கவே வேணாம்.

கல்ச்சர்_கண்ணம்மா:
அப்டேட்: கோழி மேப்2 வந்துச்சு, திரும்ப போட்டேன். சிவப்பு டென்ட்ரைட்டோட நின்னுடுச்சு, பச்சைல மெல்லிசா நீளமா ஆக்ஸான் தனியா ஓடுது, செல் பாடில மட்டும் இன்னும் லேசா பச்சை இருக்கு.

இருட்டறை_ராசா:
இருக்கட்டும், அது டாவ்தான். லைசேட்ட கொதிக்க வச்சீங்களா?