தமிழில் டி&டி ஐந்தாம் பதிப்புச் சாகசம்: உரிமக் குறிப்பை எப்படிப் போடுவது?

வணக்கம் நண்பர்களே. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, வைகை மணலில் நடக்கிற ஒரு சாகசம் எழுதி முடித்திருக்கிறேன். பகடை உருட்டிக் கதை ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (டி&டி) விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கானது. 40 பக்கம். சித்திரைக்குள் மதுரையிலேயே 100 பிரதி அச்சடிக்க ஆசை.

விதிகள் எல்லாம் அந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-இல் இருந்து எடுத்தவை. 2023 ஜனவரியில் ஓஜிஎல் என்ற பழைய உரிமத்தை மாற்றுவதற்கு எதிர்ப்பு கிளம்பியதும், விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்தார் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்களே, அதுதான். விற்கலாம், மொழிபெயர்க்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றியிருப்பதையும் சொல்ல வேண்டும். அட்டையில் அவர்கள் லோகோ கிடையாது, '5இ-க்குப் பொருந்தும்' (5இ என்றால் ஐந்தாம் பதிப்பு) என்று மட்டும் போடுகிறேன்.

குழப்பம் இங்கேதான். மூலத்தைக் குறிப்பிட அவர்கள் கொடுத்த ஆங்கில வரியை அப்படியே அச்சிட வேண்டுமா, தமிழாக்கமும் சேர்க்கலாமா? ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் 'சேவிங் த்ரோ'வை 'தப்பிக்கும் வீச்சு' என்று வைத்திருக்கிறேன். இப்படி மொழிபெயர்த்த சொற்களுக்கு முதல் பக்கத்தில் ஒரே குறிப்பு போதுமா?

அப்புறம், அட்டைப்படம். கருப்பசாமியின் வெள்ளைக் குதிரை, காலடியில் ஈர மணல். தம்பி ஒருவர் அவ்வளவு அழகாக வரைந்து தந்தார். பணம் கொடுத்துவிட்டேன், ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. அவர் உரிமை கெடாமல் ஒரு பக்க ஒப்பந்தம் எழுத வேண்டும். தமிழில் மாதிரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். அச்சுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.