87178291201 பகா எண்ணா?

தக்கலை பிளஸ் டூ:
1 முதல் 14 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் 87178291200. அதோடு 1 கூட்டி, வருவது பகா எண்ணா என்று பார்க்கச் சொல்லி டியூஷனில் கொடுத்திருக்கிறார்கள். கால்குலேட்டர் கூடாதாம். 2, 3, 5, 7, 11, 13 எதால் வகுத்தாலும் மீதி 1 வருகிறது. இனி எதுவரை போக வேண்டும்? இந்த எண்ணை எந்த வகையில் சேர்ப்பது?

குளச்சல்காரன்:
வர்க்கமூலம் 295259 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கையால் ஆகிற காரியமில்லை.

கோட்டாறு கணக்கு வாத்தியார்:
அவ்வளவு தூரம் போக வேண்டாம், மக்களே. 17, 19 தாண்டி 23-லேயே முடிந்துவிடும். வில்சன் தேற்றம் போதும்: 1 முதல் 22 வரை பெருக்கி 1 கூட்டினால் 23 அதை மீதியில்லாமல் வகுக்கும். எந்தப் பகா எண்ணுக்கும் இப்படித்தான்.

அந்தப் பெருக்கலில் 15 முதல் 22 வரை உள்ள எட்டு எண்களைத் தனியாக எடு. 23-ஆல் வகுக்கும்போது 22-க்குப் பதில் −1, 21-க்குப் பதில் −2, இப்படியே 15-க்குப் பதில் −8 என்று வைக்கலாம். கழித்தல் குறிகள் ஜோடி ஜோடியாக அடிபட்டு, 1 முதல் 8 வரையான பெருக்கல் மிஞ்சும்: 40320. 23 × 1753 = 40319. மீதி 1! அப்படியானால் அந்த எட்டு எண்களும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 14-ஓடு நிறுத்தி 1 கூட்டினாலே 23 வகுத்துவிடும். இந்த இடம் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதினாலும் எனக்கு அலுக்காது.

87178291201 = 23 × 3790360487. இரண்டாவதும் பகா எண்தான். ஆக உன் எண் பகு எண், இரண்டே பகா எண்களின் பெருக்கல். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 3790360511 மட்டுமே, எண்ணைவிடக் குறைவு; அதனால் குறை எண். சரி, 14 வரையான பெருக்கலில் 1 கழித்துப் பார்த்தால்? 87178291199 பகா எண்!

23-க்கு நம்மூர்த் தொடர்பும் உண்டு. 23-இல் 1 போனால் 22. அதை 14 வகுக்காது. இப்படி, 1 முதல் ஏதோ ஓர் எண் வரை பெருக்கி 1 கூட்டியதை வகுத்தும், தன்னில் 1 போனால் அந்த எண்ணால் வகுபடாமலும் இருக்கும் பகா எண்களுக்குப் பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அந்தப் பெயருக்கு உரிய கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளை 1901-இல் குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். இன்டர்மீடியட் படித்தது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில். 1950-இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். ராமானுஜனைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியவில்லையே என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தக்கலை பிளஸ் டூ:
சார், 18 வரை பெருக்கினாலும் அதே கதைதானே? மிச்சம் 19 முதல் 22 வரை நான்கு எண்கள். 4 வரை பெருக்கினால் 24, மீதி 1.

கோட்டாறு கணக்கு வாத்தியார்:
அதேதான் மக்களே! அப்புறம், 10 வரை பெருக்கி 29-ஆல் வகுத்துப் பார். அங்கேயும் மீதி 1; 19 முதல் 28 வரை பத்து எண்கள்தானே. 19-க்கு வில்சன் தேற்றமே போதும். அதனால் 18 வரை பெருக்கி 1 கூட்டிய எண்ணை 19, 23, 29 மூன்றும் வகுக்கும். 29-இல் 1 போனால் 28, அதை 18 வகுக்காது; 29-தான் அடுத்த பிள்ளை பகா எண்.