பரீட்சை எழுதிக்கொடுக்க வரும் புதியவர்கள் இரண்டாம் முறை ஏன் வருவதில்லை?

கேள்வி: உறையூர்க்காரி

வணக்கம். திருச்சியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் இருக்கிறேன். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கு ஸ்கிரைப், அதாவது அவர்கள் சொல்லச்சொல்லப் பரீட்சை எழுதிக்கொடுக்கும் ஆள், ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் எங்கள் முக்கியமான வேலை. பள்ளிப் பொதுத்தேர்வு என்றால் அரசே ஆசிரியரைப் போட்டுவிடுகிறது. கல்லூரிக்கு வந்த பிறகு பல இடங்களில் பிள்ளைகளே ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

ஆள் சேர்வதில் குறையே இல்லை. ஜூலையில் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுகிறோம், கூகுள் ஃபார்ம் நிரப்புகிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறோம், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கூட்டம், டீ, வடை, அறக்கட்டளை எப்படித் தொடங்கியது என்று ஒரு பேச்சு. எல்லோரும் முகம் மலர்ந்துதான் போகிறார்கள். நவம்பரில் செமஸ்டர் வந்ததும் பாதிப் பேர் போனை எடுப்பதில்லை. ஒரு பரீட்சை எழுதிக்கொடுத்தவர்களிலும் பலர் அடுத்த முறை வருவதில்லை. அவர்கள் மேல் கோபமில்லை, எல்லாம் நல்ல பிள்ளைகள். ஆனால் பரீட்சை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கிரைப் வராமல் ஹால் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த பிறகு இதை இப்படியே விடக்கூடாது என்று தோன்றிவிட்டது. புதிதாக வருகிறவர்களை முதல் சில வாரங்களில் நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்? என்ன மாற்றினால் நிற்பார்கள்?

பதில்: கூவம்கரை

சென்னையில் இதே வேலையைப் பல வருடமாகச் செய்கிறோம். முதலில் அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள், அன்றைக்கே கையில் பேனாவைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று செமஸ்டர் எழுதிப் பழகிய பார்வையற்ற சீனியர் மாணவர்களை வரச்சொல்லி, புதியவர் ஒருவர், மாணவர் ஒருவர் என்று ஜோடியாக உட்காரவைத்து, பழைய வினாத்தாளைக் கொடுத்து ஒரு மணி நேரம் நிஜப் பரீட்சை மாதிரியே எழுதவையுங்கள். பயிற்சி கொடுப்பது மாணவர்தான், நீங்கள் சும்மா இருங்கள்.

எது தெரியவில்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும். முழு வினாத்தாளையும் ஒரு தடவை வாசித்துக்காட்டிய பிறகுதான் எழுத ஆரம்பிக்க வேண்டும், ‘அல்லது’ போட்ட இடத்தில் இரண்டு கேள்வியையும் வாசிக்க வேண்டும், அவர் சொன்ன வாக்கியத்தை நம் இஷ்டத்துக்குத் திருத்தக்கூடாது, ஊர்ப்பெயர், ஆள்பெயர் வரும்போது எழுத்தைக் கேட்டு எழுத வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை நேரம் சொல்ல வேண்டும். பொருளாதாரம், புள்ளியியல் மாதிரித் தாள்களில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லாமல் வாசித்தால் கணக்கே மாறிப்போகும். இதையெல்லாம் அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தோம், யாரும் படிக்கவில்லை. எதிரில் இருப்பவர் “இருங்க, நான் அப்படிச் சொல்லலையே” என்றால் ஒரே தடவையில் மனதில் பதிந்துவிடுகிறது.

போனை எடுக்காதவர்களில் பெரும்பாலோருக்குச் சோம்பேறித்தனம் கிடையாது. தன் கையெழுத்தாலோ வேகத்தாலோ இன்னொருவரின் மார்க் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பரீட்சை நாள் வரைக்கும் அவர்களிடமே விட்டுவைத்தால் எப்படி வருவார்கள்? இடம் வேண்டுமென்றால் நூலகத்தில் கேட்டுப்பாருங்கள். இங்கே கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவே தனியாக இருக்கிறது, மாணவர்கள் எப்படியும் வந்துபோகிற இடம், புதியவர்களும் அங்கே வந்தால் பழக்கம் தானாக வந்துவிடும்.

பதில்: புள்ளியெழுத்து

நான் எழுதவைத்தவன். இளங்கலை, முதுகலை, பி.எட். எல்லாமே ஸ்கிரைப் வைத்துத்தான். இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன்.

கூவம்கரை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பாவது ஸ்கிரைபும் மாணவரும் போனில் பேசிவிட வேண்டும். நலம் விசாரிக்க மட்டுமில்லை, பாடத்தில் அடிக்கடி வரும் சொற்களைச் சொல்லிவிடுவதற்கு. நான் வரலாறு படித்தேன். ‘இரண்டாம் புலிகேசி’யையும் ‘ரயத்துவாரி’யையும் முதல்முறையாகப் பரீட்சை ஹாலில் கேட்கிறவர் ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேட்பார், இரண்டு பேருக்கும் பதற்றம் ஏறும். முந்தின நாளே பத்துச் சொல் சொல்லிவைத்தால் போதும்.

அப்புறம் பழகும் முறை. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முழங்கைக்கு மேலே நாங்கள் பிடித்துக்கொள்கிறோம், நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும். அறைக்குள் வந்தால் பெயரைச் சொல்லுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பது எங்களுக்குப் பழக்கமான அவமானம். “பாவம்” என்று யாராவது முணுமுணுத்தால் எங்களுக்கு நன்றாகவே காதில் விழும். புதியவர்கள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் நாளே ஒரு மாணவர் வாயால் நேராகச் சொன்னால் யாருக்கும் மனசு கோணாது.

மாணவர்கள் பக்கமும் கொஞ்சம் பேசுங்கள் அக்கா. இரவு பதினொரு மணிக்கு போன் செய்து “நாளைக்கு வர்றீங்கல்ல?” என்று மூன்று தடவை கேட்பது, எழுதி முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புவது, இதெல்லாம் எங்கள் ஆட்களிடம் உண்டு. பதற்றத்தில் செய்கிறார்கள், புரிகிறது, இருந்தாலும் வந்தவருக்கு அது வலிக்கும். நன்றாகப் பொருந்திய ஜோடியைப் பிரிக்காதீர்கள். நான்கு பரீட்சைக்கு நான்கு பேர் என்று போடுவதைவிட ஒரே ஆள் நான்கையும் எழுதினால் இரண்டாவது தாளிலேயே வேகம் வந்துவிடும்.

பதில்: ஜங்ஷன்_ரோடு

நானும் ஒரு ஊரில் ஒரு அமைப்புக்காக இரண்டு பரீட்சை எழுதிக்கொடுத்துவிட்டு நின்றவள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மூன்று மணி நேரத் தாள், கூடுதல் நேரம் ஒரு மணி, ஆக நான்கு மணி நேரம் விடாமல் எழுதினேன். கை வலித்தது, பசி, வெளியே வந்தால் யாருமில்லை. அன்றைக்கு மாலை “எப்படிப் போச்சு, பத்திரமா வீட்டுக்குப் போயிட்டியா?” என்று ஒரு போன் வந்திருந்தால் நான் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து வந்ததெல்லாம் குழுவில் “அர்ஜென்ட், நாளை காலை 10 மணி, ஸ்கிரைப் தேவை” மட்டும்தான். அந்தப் பாப்பா பாஸ் ஆனாளா என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் சம்மதத்தோடு யாராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, குழுவில் பொதுவாகப் போட்டால் எல்லோரும் வேறு யாராவது போவார்கள் என்று இருந்துவிடுவோம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். “இல்லை, எனக்கு நாளைக்கு இன்டர்னல் இருக்கு” என்று சொல்வதற்கும் இடம் கொடுங்கள். ஒரு தடவை முடியாது என்று சொன்னதற்காகக் குரல் மாறிப்போனால் அடுத்த தடவை எடுக்கவே தயக்கமாக இருக்கும்.

பதில்: கூவம்கரை

ஜங்ஷன்_ரோடு சொன்னதை அப்படியே எழுதி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

உறையூர்க்காரி, தகுதி விதியைப் புதியவர்களிடம் எப்போது சொல்கிறீர்கள்? நிறையப் பேர் நழுவுவது அங்கேதான். 2018 ஆகஸ்ட் மத்திய அரசு வழிகாட்டுதலில், மாணவரே ஸ்கிரைபை அழைத்து வந்தால் அவருடைய படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பதும் அதில்தான் வரும். விதிகள் மாறுகின்றன, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி நடைமுறை வைத்திருக்கிறது, ஒவ்வொரு தேர்வுக்கும் அறிவிக்கையைப் பார்த்துவிடுங்கள். விஷயம் என்னவென்றால், வேலை பார்க்கும் பட்டதாரிகள் ஆசையாகப் பெயர் கொடுக்கிறார்கள், அவர்களைப் பல பரீட்சைக்கு அனுப்ப முடியாது, யாரும் கூப்பிடாமலேயே ஆறு மாதம் போய்விடுகிறது. மனசு விட்டுப்போகாதா?

அவர்களுக்கு வேறு வேலை வைத்திருங்கள், அதுவும் முதல் வாரத்திலேயே. பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது ஒன்று. எங்களுக்கு அதைவிட அவசரமாக இருப்பது நோட்ஸைச் சரிசெய்வது. பேராசிரியர்கள் கொடுக்கும் தமிழ் நோட்ஸ் பல இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில்தான் இருக்கிறது, என்விடிஏ மாதிரி திரைவாசிப்பான் (கணினித் திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருள்) அதைத் தமிழாக வாசிக்காது, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் காதில் விழும். யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்தபடி இரவில் செய்யலாம். கையில் குழந்தை இருக்கும் அம்மாக்கள் எங்களுக்கு இதை அருமையாகச் செய்து தருகிறார்கள். மாதிரித் தேர்வு ஜோடியாக உட்காரவும் தகுதி விதி குறுக்கே வராது.

கேட்டவர்: உறையூர்க்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. புள்ளியெழுத்து தம்பி, காலி நாற்காலி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஆகஸ்ட் கூட்டத்தை ஒரு மணி நேர மாதிரித் தேர்வாக மாற்றுகிறோம், சீனியர்கள் மூன்று பேரிடம் பேசிவிட்டேன், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். பரீட்சை அன்று மாலை போன் செய்யும் பொறுப்பை ஒருவருக்குத் தனியாகக் கொடுக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சான்றிதழ் கேட்கிறார்கள், பஸ் காசும் சிலருக்குக் கஷ்டம் என்று தெரிகிறது. எங்கள் டிரஸ்டி ஒருவர் “சேவைக்கு வந்தவர்கள் இதையெல்லாம் கேட்கலாமா” என்கிறார். என்ன சொல்வது?

பதில்: கூவம்கரை

தாராளமாகக் கேட்கலாம். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை கணக்கு இருக்கிறது, உங்களிடம் செலவழித்த நேரத்தை அதில் சேர்க்க முடியுமா என்று அந்தக் கல்லூரியின் திட்ட அலுவலரிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். தேதி, நேரம் போட்டு முத்திரையோடு கடிதம் கொடுங்கள், மாதிரித் தேர்வில் உட்கார்ந்த நேரத்தையும் அதில் சேருங்கள். பஸ் காசையும் மதியச் சாப்பாட்டுக் காசையும் கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்கிறவர் திருப்பித் தரட்டும். கஷ்டப்படுகிறவர் மட்டும் கை நீட்ட வேண்டிய நிலைமை வரக்கூடாது. டிரஸ்டியையும் ஆகஸ்ட் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒரு ஜோடியில் உட்காரவையுங்கள்.