மாட்யூல் இல்லை என்னும் பிழை: கல்லூரி ஆய்வகத்துக்கு மெய்நிகர் சூழல் தேவையா?

பென்னாகரம் மாணவி:
பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளின் தக்காளி விலையை ஒப்பிடும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் திட்டப்பணிக்காக எழுதி வருகிறேன். அதற்குப் பாண்டாஸ் என்ற, அட்டவணைத் தரவைக் கையாளும் மாட்யூல் (நிரலுக்குள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) தேவை. வீட்டில் சரியாக ஓடும் அந்த நிரல், ஆய்வகத்து விண்டோஸ் கணினியில் ‘பாண்டாஸ் என்ற மாட்யூல் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. பேக்கேஜுகளை, அதாவது இத்தகைய மாட்யூல்களின் தொகுப்புகளை, நிறுவும் பிப் கருவிக்கு ‘பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்று கட்டளை கொடுத்தாலோ, ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதாகப் பதில் வருகிறது. வீட்டில் உருவாக்கிய மெய்நிகர் சூழலின் (ஒரு திட்டப்பணிக்கான பேக்கேஜுகளை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வைக்கும் ஏற்பாட்டின்) கோப்புறையை அப்படியே பென்டிரைவில் கொண்டுவந்து வைத்தும் பயனில்லை.

ஓசூர் நிரலர்:
அந்தக் கணினியில் பெரும்பாலும் இரண்டு பைத்தான்கள் தனித்தனியே நிறுவப்பட்டிருக்கும். ஒன்றில் பாண்டாஸ் இருக்கிறது. உங்கள் நிரல் ஓடுவது மற்றொன்றில். நிரலின் முதல் வரிகளில் நிரலை ஓட்டும் பைத்தானின் பாதையைத் தரும் ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ என்பதை அச்சிட்டுப் பாருங்கள். அடுத்து ‘பிப் --வெர்ஷன்’ காட்டும் பாதையைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் அதுவே. இனி ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்றே கொடுங்கள். எந்தப் பைத்தானை அழைக்கிறீர்களோ அதற்குள்தான் அது நிறுவும்.

மெய்நிகர் சூழலை இடம் மாற்றக் கூடாது. அதிலுள்ள ‘பைவீஎன்வ்.சிஎஃப்ஜி’ என்ற கோப்பைத் திறந்தால், ‘ஹோம்’ என்ற வரியில் உங்கள் வீட்டுக் கணினியின் பைத்தான் பாதை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஆய்வகத்தில் அந்தப் பாதை ஏது? தேவையான பேக்கேஜுகளைப் பட்டியலிடும் ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ கோப்பை மட்டும் எடுத்துச் சென்று, சூழலை அங்கேயே புதிதாக உருவாக்குங்கள். ஒவ்வொரு திட்டப்பணிக்கும் தனிச்சூழல் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அரூர் ஆய்வகப் பொறுப்பாளர்:
பாதையைச் சரிபார்க்கச் சொன்னது சரி. கடைசி வரியை நான் ஏற்கவில்லை. இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோ போன்ற பேக்கேஜ் ஒன்றே பல நூறு மெகாபைட் இடம் பிடிக்கிறது. ஒரே கணினியை மூன்று வகுப்புகள் பயன்படுத்தும் இடத்தில், மாணவருக்கு ஒரு சூழல் என்று போனால் வட்டும் நிறைந்துவிடும், இணையமும் திணறிவிடும். அதற்கு மேல், சூழலைச் செயல்படுத்தும் ஸ்கிரிப்டை, விண்டோஸில் கட்டளைகளைக் கொடுக்கும் பவர்ஷெல் தடுத்துவிடுவதால் முதலாண்டு மாணவர்கள் பாடத்துக்குள் வருவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. ஒரே பைத்தான், தேவையான பேக்கேஜுகளை ஒருமுறை நிறுவிவிடுவது, மற்ற பைத்தான்களை நீக்கிவிடுவது என்பதே ஆய்வகத்துக்கு ஏற்ற வழி.

ஓசூர் நிரலர்:
ஐயா, அந்த ஒரே பைத்தானில் ஒரு பேக்கேஜின் ஒரு பதிப்பு மட்டுமே இருக்க முடியும். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0, டேட்டாஃபிரேம் எனும் அட்டவணையில் வரிகளைச் சேர்க்கும் ‘அப்பெண்ட்’ வசதியையே நீக்கிவிட்டது. யாரோ ஒருவர் தம் பணிக்காகப் பாண்டாஸைப் புதுப்பித்தால், பழைய பாடநூலைப் பார்த்து எழுதிய மாணவரின் நிரல் மறுநாள் காலையில் உடைந்து கிடக்கும்; அவர் தன் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார். இந்தச் சிக்கலுக்காகத்தான் 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதலே, மெய்நிகர் சூழலை உருவாக்கும் ‘வீஎன்வ்’ பைத்தானுடன் சேர்ந்தே வருகிறது. டெபியன் 12, உபுண்டு 23.04 முதலான லினக்ஸ் இயங்குதளங்கள், கணினியின் பொதுப் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவுவதையே மறுத்துவிடுகின்றன.

காவேரிப்பட்டணம் ஆசிரியர்:
மெய்நிகர் சூழலாலும் தீராத இரண்டு காரணங்களை இருவரும் சொல்லவில்லை. நிரலுக்குள் ‘சிவி2’ என்று இம்போர்ட் செய்யும் (அழைக்கும்) மாட்யூலை ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்ற பெயரிலும், ‘எஸ்கேலேர்ன்’ என்பதைச் ‘சைகிட்-லேர்ன்’ என்ற பெயரிலும் நிறுவ வேண்டும். இம்போர்ட் பெயரையே பிப்பிடம் கொடுத்துவிட்டுத் தவிக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மற்றது, தன் நிரலுக்கே ‘பாண்டாஸ்.பிஒய்’ என்று பெயர் வைப்பது. பைத்தான் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில் தேடுவதால், உண்மையான பாண்டாஸை அது எட்டவே எட்டாது.

அரூர் ஆய்வகப் பொறுப்பாளர்:
பதிப்பு மோதலை நான் மறுக்கவில்லை. பேக்கேஜைப் புதுப்பிக்கும் உரிமை மாணவர்களுக்கு இல்லாவிட்டால் அது எழாது என்பதே என் வாதம்.

ஓசூர் நிரலர்:
அப்படிப் பூட்டினால் இந்த மாணவியைப் போன்ற இறுதியாண்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? சூழலைச் செயல்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. அதன் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையில் உள்ள பைத்தானை நேரடியாக அழைத்தால் போதும், பவர்ஷெல் தடையும் குறுக்கே வராது. இணையத்தை எண்ணிக் கவலைப்படவும் வேண்டாம். ‘பிப் டவுன்லோட்’ மூலம் தேவையானவற்றை ஒருமுறை இறக்கி ஆய்வகத்தின் பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டால், இணையத்தில் தேடாதே என்னும் ‘--நோ-இண்டெக்ஸ்’, இந்தக் கோப்புறையில் தேடு என்னும் ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ என்ற இரு விருப்பங்களுடன் எல்லோரும் அங்கிருந்தே நிறுவிக்கொள்ளலாம்.

அரூர் ஆய்வகப் பொறுப்பாளர்:
திட்டப்பணி மாணவர்களுக்கு இதை ஏற்கிறேன். பொதுக் கோப்புறையை இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். முதலாண்டுக்கு மட்டும் பொதுப் பைத்தானே தொடரும். அதில் என் கருத்து மாறவில்லை.

ஓசூர் நிரலர்:
முதலாண்டைப் பற்றிய நம் கருத்து வேறுபாடு அப்படியே இருக்கட்டும். இறக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே இயங்குதளத்தையும் ஒரே பைத்தான் பதிப்பையும் கொண்டிருக்க வேண்டும். பைத்தான் 3.11-க்கு இறக்கிய பாண்டாஸ் கோப்பை 3.12 ஏற்காது.